பார்க்கிறான், தெரியவில்லை

முருகன் துணை

கல்கத்தா,
8-6-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

கமலாம்பாள் வணங்கி எழுதுவது. நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா? கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதிய கடிதங்களை நீங்கள் பிரிக்கவில்லை என்று அம்மா சொல்லியனுப்பினாள். இதை மட்டும் பிரித்துவிடுங்கள். சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இங்கிலீஷில் ‘லுக்’ என்றாலும் பார்ப்பது, ‘சீ’ என்றாலும் பார்ப்பது என்றுதானே நான் படித்தேன்? இங்கே ஒரு டாக்டர் பேசும்போது, முதல் சொல் உண்டு, இரண்டாவது சொல் இல்லை என்பது போலச் சொன்னார். ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருக்க வேண்டாமா? இவர் வேலை பார்க்கும் டெப்போவில் எல்லோருக்கும் இந்தி, பெங்காலிதான் தெரியும். மற்றவர்களைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இங்கிலீஷ் என்றால் எனக்கு உங்களைத்தான் தெரியும்.

குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. சமர்த்து. அழுகை குறைவு. பக்கத்து வீட்டு அம்மாள் கிலுகிலுப்பை ஆட்டினால் சத்தம் வந்த பக்கம் காதைத் திருப்புகிறான். கையை நீட்டுவதில்லை. தொட்டிலுக்கு அம்மாவின் சேலை வரும் என்று காத்திருந்தேன். நீங்களே பனியன் துணி அனுப்பியிருந்தீர்கள். உங்கள் கையால் வந்தது என்பதால் அவனை வேறு எதிலும் போடுவதில்லை.

எப்போது முடிகிறதோ அப்போது பதில் எழுதினால் போதும்.

உங்கள் மகள்,
கமலாம்பாள்


திருப்பூர்,
17-6-1964

கமலாம்பாளுக்கு,

இங்கே இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் வலி என்னுடையது, அது என்னோடு இருக்கும். உன் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. உன் அம்மா பிரித்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்ட வராது என்பதால் நான் படிக்க வேண்டியதாயிற்று.

நீ கேட்டது நல்ல கேள்வி. நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த காலத்தில் ஒரு பயலும் இதைக் கேட்டதில்லை. ‘லுக்’ என்பது நாம் செய்வது. ‘சீ’ என்பது நமக்கு நேர்வது. கண்ணை ஒரு பொருளின் மேல் திருப்புவது உன் செயல். அந்தப் பொருள் உனக்குத் தெரிவது உன் செயலன்று. இங்கிலீஷ்காரன் இதற்கு இரண்டு சொல் வைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. காதர்பேட்டையில் மூட்டை தூக்குகிறவனும் இதைத்தான் சொல்கிறான்: “பாத்தேனுங்க, தெரியலீங்க.”

உதாரணம் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் என் மேஜைக்குப் பக்கத்தில் செக்கிங் மேஜை. கண்ணாடிப் பலகைக்கு அடியில் பல்பு எரியும். அதன்மேல் பனியன் துணியை இழுத்து ஓட்டை பார்க்க வேண்டும். காலையில் ஒரு பெண் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் மூக்குக்குக் கீழே விரல் நுழைகிற ஓட்டை ஒன்று ஊர்வலம் போயிற்று. லுக் உண்டு, சீ இல்லை.

இன்னொரு உதாரணமும் உண்டு. முதலாளி தினமும் என்னைத் தாண்டித்தான் தன் அறைக்குப் போகிறார். என் மேல் கண் படத்தான் செய்கிறது. மேனேஜர் நாற்காலி காலியானபோது அதில் யார் உட்கார்ந்தது? எட்டாம் வகுப்பில் தோற்ற கிட்டுசாமி. வெளியூர்க் கடிதங்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுகிறவன் நான். அடியில் கோழி கிளறியது போலக் கையெழுத்துப் போடுகிறவன் அவன். அந்தக் கிட்டுசாமியின் தம்பியைத்தான் நீ கட்டிக்கொள்வேன் என்றாய். உன் மாமன் முன்நின்று சிவன்மலையில் நடத்திவைத்தான். என்னை யாரும் கேட்கவில்லை. அதையும் இந்த உதாரணத்தில் சேர்த்துக்கொள்.

பிள்ளைக்கு ஆத்தப்பன் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர் பெயர் வைத்ததாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் வழக்கம், அவர்கள் வைக்கட்டும்.

வேறு சொற்களில் ஐயம் இருந்தால் எழுது.

இப்படிக்கு,
மருதாசலம், பி.ஏ.


கல்கத்தா,
29-6-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. உங்கள் கையெழுத்தைக் கண்டதே எனக்குப் போதும். மூவரும் சுகம். அங்கேயும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியது நன்றாகப் புரிந்தது. இனி ஐயம் இல்லை.

கமலாம்பாள்


திருப்பூர்,
21-7-1964

கமலாம்பாளுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் அம்மாவின் இருமலும் அடங்கிவிட்டது. மூன்று பக்கம் விளக்கம் எழுதியவனுக்கு நீ மூன்று வரி எழுதினாய். பிறகு அதுவும் இல்லை. காரியம் முடிந்தது, ஆள் எதற்கு என்று இருந்துவிட்டாய் போலும். புகுந்த இடத்தின் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. இதை எழுதிவிட்டு மடித்து ஒட்டத்தான் இருந்தேன்.

அதற்குள் உன் அம்மா, உன் முதல் கடிதத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பேரனைப் பற்றிய பகுதியைக் கேட்பதில் அவளுக்கு அலுப்பில்லை. கிலுகிலுப்பை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“ஏனுங்க, அந்த டாக்டரு யாரைப் பாத்துட்டு அப்பிடிச் சொன்னாருங்க?”

“யாரையோ. அது முக்கியமில்லை. இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம்தான்...”

“வித்தியாசம் கெடக்குதுங்க. டாக்டரு வந்து இவகூட இங்கிலீசு பேசிட்டிருப்பாரா? இவளாத்தான போயிருக்கோணும்? எதுக்குப் போனா?”

மறுபடியும் நானே படித்துப் பார்த்தேன். கையை நீட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறாய்.

டாக்டர் யாரைச் சொன்னார்? சுற்றி வளைக்காமல் எழுது. உன் அம்மா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

மருதாசலம்


கல்கத்தா,
27-7-1964

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். இந்தத் தடவை மூவரும் சுகம் என்று எழுத எனக்கு வரவில்லை. முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

குழந்தையைத்தான் சொன்னார்.

மூன்றாம் மாதத்திலேயே எனக்கு உறுத்தல். பால் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்ப்பது போல இருக்கும். நான் தலையை நகர்த்தினால் அவன் கண் நகராது. நான் முன்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். இவர் டெப்போவிலிருந்து வந்ததும் அவன் முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். நான் வந்தால் வேட்டியைச் சரிசெய்வது போலப் பாவனை செய்வார். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரு மாதம் ஓட்டினோம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் விறுவிறுவென்று பேசினார். ‘சீ’ என்று அழுத்திச் சொன்னபோது நம்மைத் திட்டுகிறாரோ என்று இவர் எழுந்தே நின்றுவிட்டார். “யெஸ் சார், யெஸ் சார்” என்று தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். மாதம் ஒருமுறை கொண்டுவரச் சொன்னது மட்டும் விரல் காட்டியதில் புரிந்தது. வெளியே வந்து டிராம் ஏறினோம். பிறகு இவர், “உனக்கு ஏதாச்சும் வெளங்குச்சா கமலா?” என்றார். “உங்களுக்கு வெளங்கிருச்சுன்னு இருந்தேனுங்க” என்றேன். அதனால்தான் உங்களுக்கு எழுதினேன்.

உங்கள் பதிலை இவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் அண்ணனைப் பற்றிய வரிகளை விட்டுவிட்டேன். லுக் என்பது செய்வது, சீ என்பது நேர்வது என்ற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். “அப்ப இது நேர்ற காரியந்தான? நாளைக்கு நேர்ந்தாலும் நேருமில்ல?” என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறார்.

முதலிலேயே எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். நீங்கள் இன்னும் அவன் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. குறையைச் சொல்லி அவனை உங்களுக்கு அறிமுகம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கமலாம்பாள்


திருப்பூர்,
3-8-1964

கமலாம்பாளுக்கு,

உன் அம்மா சாப்பிட்டாள். நானும்.

ஆறுதல் எழுத எனக்கு வராது. ஆறுதல் எழுதுகிறவர்களை நான் நம்பியதும் இல்லை. கேட்கிறதற்குப் பதில் எழுது.

விளக்கின் பக்கம் தலையைத் திருப்புகிறானா? வெயிலில் கண் கூசுகிறானா? இரண்டு கண்ணும் ஒன்றுபோல அசைகின்றனவா? கருவிழியில் வெண்மை ஏதும் உண்டா?

இன்னொன்று. செக்கிங்கில் காலை முதல் வெள்ளைத் துணியையே பார்க்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் கண் மரத்துவிடும். திறந்துதான் இருக்கும், ஒன்றும் பிடிபடாது. அதனால் எதிர்ச்சுவரில் ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருக்கிறோம். இடையிடையே நிமிர்ந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் குனிய வேண்டும். அந்தப் பெண் நிமிரவில்லை, அதனால்தான் ஓட்டை தப்பியது. பெரியவர்கள் கண்ணே அப்படி என்றால், பிறந்த கண்ணுக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆகவே கேட்கிறேன். குழந்தை விழித்துப் படுத்திருக்கும்போது அவன் கண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது? ஒரு நாளில் எவ்வளவு நேரம் தொட்டிலில் இருக்கிறான்?

மாப்பிள்ளையிடம், கையை ஆட்டுவதை நிறுத்த வேண்டாம் என்று சொல்.

மருதாசலம், பி.ஏ.


கல்கத்தா,
10-8-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவும் நீங்களும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நீங்கள் ‘மாப்பிள்ளை’ என்று எழுதியிருந்ததை இவரிடம் காட்டினேன். கடிதத்தை வாங்கி அந்த இடத்தைத் தானே ஒரு தரம் படித்துக்கொண்டார்.

வெயிலில் கண் கூசுகிறான். விளக்கு ஏற்றினால் அந்தப் பக்கம் தலை திரும்புகிறது. கண்கள் ஒன்றுபோலத்தான் அசைகின்றன. கருவிழி கருப்பாக, அழகாக இருக்கிறது.

எதிரே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நீங்கள் அனுப்பிய துணிதான். அது தைக்காத பனியன் துணி, குழாய் மாதிரி இருக்கிறது அல்லவா? அதன் உள்ளேயே அவனைப் படுக்கவைத்து இரண்டு முனையையும் உத்தரத்தில் கட்டிவிட்டேன். சேலைத் தொட்டில் போல மேலே திறந்திருக்காது. துணி முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கூடிக்கொள்ளும். மூச்சுக் காற்றுக்குக் குறைவில்லை. ஈ, கொசு அண்டாது. இந்த ஊர்க் கொசு உங்களுக்குத் தெரியாது. வெளிச்சம் உள்ளே பால் போல இறங்கும். நம் ஊர் ஆட்கள் இங்கே இருக்கிற எல்லார் வீட்டிலும் தூங்கும்போது இப்படித்தான் கட்டுகிறார்கள். நான்தான் விழித்திருக்கும்போதும் அதிலேயே விட்டுவிடுவேன். சமையல், துணி துவைப்பது எல்லாம் நான் ஒருத்திதானே? பால் குடிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் உள்ளேதான். அதற்குள் விட்டால் அழவே மாட்டான். தன் அப்புச்சி அனுப்பிய துணியில் என்ன சுகமோ என்று இவரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஏன் கேட்டீர்கள்? பதில் எழுதுங்கள்.

கமலாம்பாள்


கல்கத்தா,
27-8-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். பதினைந்து நாளாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? அம்மாவுக்கா? தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்கிறேன். நான் எழுதியதில் தவறு ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஒரு கார்டு போடுங்கள்.

கமலாம்பாள்


(தபால் கார்டு)

சென்னை சென்ட்ரல்,
29-8-1964

கமலாம்பாளுக்கு,

ஹவுரா மெயிலில் ஏறுகிறேன். இந்தக் கார்டும் இதே வண்டியில்தான் வரும், நான் முந்தினாலும் முந்துவேன். வந்ததும் முதல் வேலையாக அந்தத் துணியை அவிழ்த்துவிட வேண்டும். உன் அம்மாவின் கல்யாணச் சேலை என்னிடம் இருக்கிறது.

மருதாசலம்


திருப்பூர்,
24-9-1964

கமலாம்பாளுக்கு,

சேதாரமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சோறு விஜயவாடா வரை வந்தது. உன் அம்மா சுகம். பேரனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என்னைத் தூங்கவிடவில்லை. கேட்டதற்கெல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர.

வந்த இடத்தில் என்னால் ஆனதைச் செய்தேன். உன் அம்மாவின் அரக்குச் சேலையில் தொட்டில் கட்டினோம். அனுப்பர்பாளையத்துப் பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்கி அவன் எதிரே ஆட்டினேன். டாக்டரிடம் நானே இங்கிலீஷில் பேசினேன். கண்ணில் குறை இல்லை, பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று என்னிடமும் சொன்னார். எவ்வளவு நாள் என்றேன். கையை விரித்தார். பதினைந்து நாளும் காலை மாலை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கங்கைக் கரையில் நடந்தேன். என் குரல் கேட்டால் காலை உதைப்பான். என் சுட்டுவிரலை அவன் பிடித்த பிடி இன்னும் விரலில் இருக்கிறது. மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, என் தோள் அவனுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அதனால்தான் கிளம்பும்போது நடந்ததை என்னால் விழுங்க முடியவில்லை. ரயிலில் ஏறும் முன் முதல் தடவையாக அவனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, போய் வரட்டுமா என்று கேட்டேன். உதடு பிதுங்கியது. வீறிட்டான். அந்த ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை வாங்கித் தோளில் போட்டதும் கப்பென்று அடங்கிவிட்டான். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், மறுபடியும் வீறிட்டான். போதாததற்கு நீ சிரித்தாய். ஆம், நான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். வண்டி நகர்ந்ததும் மாப்பிள்ளை கூடவே ஓடிவந்து என்னவோ கத்தினார். வழியனுப்புகிற நாடகம் எனக்கு வேண்டாம் என்று ஜன்னல் பலகையை இறக்கிவிட்டேன்.

ஆத்தப்பன் வம்சம் ஆத்தப்பனிடம்தான் ஒட்டும். பதினைந்து நாள் தூக்கிச் சுமந்தால் இரத்தம் மாறிவிடுமா? பச்சைக் குழந்தையைக் குறை சொல்ல நான் மூடனல்ல. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மருதாசலம், பி.ஏ.


கல்கத்தா,
30-9-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் காலில் விழுந்து கும்பிடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்பதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

டாக்டர் வாயால் கேட்டுவிட்டு எழுதலாம் என்று பொறுத்திருந்தேன். அதற்குள் உங்கள் சண்டைக் கடிதம் வந்துவிட்டது. படித்துவிட்டு இவரும் நானும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அழுதோம்.

அப்பா, அவன் உங்களைக் கண்டுதான் அழுதான்.

இத்தனை மாதத்தில் பசிக்கு அழுதிருக்கிறான், ஈரத்துக்கு அழுதிருக்கிறான், மோட்டார் சத்தத்துக்கு அழுதிருக்கிறான். ஒரு முகத்தைப் பார்த்து அழுததே இல்லை. டெப்போவின் பஞ்சாபி லாரிக்காரர் அந்தத் தாடியோடு குனிந்து கொஞ்சுவார், சும்மா கிடப்பான். நீங்கள் தோளில் போட்டு நடந்தபோது உங்கள் குரலும் வாசனையும்தான் அவனுக்கு நீங்கள். அன்றைக்குப் பிளாட்பாரத்தின் வெளிச்சத்தில் அந்தக் குரலுக்கு மேலே திடீரென்று ஒரு மீசையும், இரண்டு புருவமும், உங்கள் அந்த முறைப்பும் தெரிந்தால் எந்தக் குழந்தைதான் அழாது? நானே சின்னதில் எவ்வளவு அழுதிருக்கிறேன்!

இவர் தோளுக்கு மாறி உங்கள் முகம் மறைந்ததும் நிறுத்தினான். ஜன்னலில் நீங்கள் எட்டிப் பார்த்ததும் மறுபடி தொடங்கினான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. இவர் ஓடிவந்து கத்தியது என்ன தெரியுமா? “மாமா! உங்களப் பாத்துட்டானுங்க! பாத்துட்டானுங்க மாமா!” என்றுதான். நீங்கள் பலகையை இறக்கிவிட்டீர்கள். இவர் பிளாட்பாரத்தின் முனைவரை ஓடி, மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் திரும்பும்போது சிவப்புச் சட்டைப் போர்ட்டர் ஒருவர் தலையில் பெட்டியோடு எங்களைத் தாண்டிப் போனார். இவன் தலை அவரோடு கூடவே போயிற்று. படிக்கட்டு திரும்பும் வரை போயிற்று.

நேற்று டாக்டர் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஒரே ஒரு சொல் சொன்னார், முன்பு இல்லை என்றாரே, அதே சொல். அதற்கு எனக்கு அர்த்தம் தேவைப்படவில்லை.

நீங்கள் கேட்கவில்லை. இங்கே இருந்த நாட்களிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். தொட்டில் துணியைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன், கூட வந்த பக்கத்து வீட்டு அம்மாளின் தம்பி பதிலை இவருக்குப் பெங்காலியில் விளக்கிச் சொன்னார். சில குழந்தைகளுக்கு இது தாமதமாகத்தான் வருமாம். துணியால் வந்ததில்லையாம். இந்த வரியை இரண்டு தரம் படியுங்கள் அப்பா.

கமலாம்பாள்


திருப்பூர்,
7-10-1964

கமலாவுக்கு,

உன் அம்மா மிக மிகச் சுகம். பக்கத்துத் தெருவரை போய்ச் சொல்லிவிட்டு இன்னும் திரும்பவில்லை.

உன் கடிதம் கம்பெனி விலாசத்துக்கு வந்தது. கேட்டருகில் நின்றபடியே பிரித்தேன். ‘உங்களைக் கண்டுதான் அழுதான்’ என்ற இடத்துக்கு மேல் எழுத்து ஓடவில்லை. கண்ணைக் கடிதத்தின் மேல் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன், ஒரு வரியும் தெரியவில்லை. அப்போது எதிரே வந்தவன் யார் என்று நினைக்கிறாய்? கிட்டுசாமி. இத்தனை வருஷத்தில் அவனிடம் கம்பெனி விஷயம் தவிர நான் வாய் திறந்ததில்லை.

“ஏனுங்க வாத்தியாரே, ஊட்டுல ஏதாச்சும்...?” என்று என் கையைப் பிடித்தான்.

“கிட்டு, பையனுக்குக் கண் தெரியுதாம். என்னைப் பார்த்து அழுதானாம்.”

அப்படியே நின்றான். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். “உங்களைப் பாத்து ஆரு அழுகலீங்க வாத்தியாரே? கம்பெனில நாங்க எல்லாரும் அழுதவங்கதான” என்று துண்டுக்குள்ளிருந்தே சொன்னான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருவரும் கேட்டில் நின்று பைத்தியக்காரர்கள் போலச் சிரித்தோம். “எங்க ஆத்தப்பனாச்சே, சும்மாவா!” என்றான். “என் பேரன்” என்றேன். அதற்கும் கொஞ்சம் சண்டை போட்டோம்.

நீ இரண்டு தரம் படிக்கச் சொன்ன வரியை இரண்டு தரத்துக்கு மேல் படித்துவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொல். ஜன்னல் பலகை பழையது, தானாக விழுந்துவிட்டது என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். ஆகவே இறக்கினேன் என்றே சொல்லிவிடு. அவர் ஓடிய தூரத்துக்கு நான் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு உன் அம்மாவும் நானும் புறப்பட்டு வருகிறோம். கிட்டுசாமியே லீவு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மீசையை எடுத்துவிட்டு வாருங்கள், பிள்ளை பயப்படும் என்று உன் அம்மா சொல்கிறாள். எடுக்கமாட்டேன். வேறு முகத்தோடு வந்து அவனை ஏமாற்ற எனக்கு இஷ்டமில்லை. என்னைக் கண்டதும் அழட்டும். அழுது முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

மருதாசலம், பி.ஏ.